அண்ணிக்கு ஏறாத புரை

என் அண்ணி ரெங்கம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் அண்ணனின் தொண்டையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தொண்டை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அண்ணன் நல்லுசாமி சாப்பிடுவதைப் பார்த்தால் யாரோ பின்னால் விரட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். ஒரு வாய் உள்ளே போவதற்குள் அடுத்த கவளம் கையில் உருண்டிருக்கும். அது போதாதென்று பேச்சு வேறு. வண்டி மாடு, மழை, கடலை விலை, கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேருக்கு இந்த வருஷம் வடம் புதுசா பழசா என்று எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்துதான் அவருக்குச் சாப்பிடத் தெரியும். அதனால் அடிக்கடி புரை ஏறும். கண் சிவந்து, மூக்கில் நீர் வந்து, வீடே அதிர இருமுவார்.

புரை ஏறினால் எங்கள் பக்கத்தில் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்பார்கள். அத்தோடு விடமாட்டார்கள். நினைப்பது யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பார்கள். எந்தப் பெயரைச் சொல்லும்போது இருமல் அடங்குகிறதோ அந்த ஆள்தான் நினைத்தது. ஊரில் மற்றவர்களுக்கு இது வெறும் விளையாட்டு. என் அண்ணிக்கு இது கோர்ட்டு விசாரணை.

"யாரு, ஒங்க பெரிய மாமாவா?" என்று ஆரம்பிப்பாள். அண்ணன் இருமுவார். "கடலை வியாபாரி ராசாங்கமா?" இருமுவார். "நம்ம கொளஞ்சியா?" என்று, பெரம்பலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த மகளையும் சேர்த்துக் கேட்பாள். அதற்கும் இருமுவார். பிறகு சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "காத்தாயியா?" என்பாள்.

இருமல் அடங்கிவிடும்.

அடங்காமல் என்ன செய்யும்? அவ்வளவு நேரம் இருமினால் யாருக்கும் அடங்கத்தான் செய்யும். கடைசியில் எந்தப் பெயரை வைத்தாலும் அந்தப் பெயரில்தான் அடங்கும். நான் இதை அண்ணியிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஒருநாளாவது காத்தாயியை முதலில் சொல்லிப் பாருங்கள் என்றேன். "எடுத்த எடுப்புலயே அவ பேர நான் எதுக்குச் சொல்லணும்? அவ என்ன பெரிய இவளா?" என்று என் மேலேயே பாய்ந்தாள்.

காத்தாயி எங்கள் அத்தை மகள். உடையார்பாளையத்துக்காரி. அண்ணனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த பெண். ஒரு கிணற்றுப் பங்குத் தகராறில் எங்கள் அப்பாவும் அத்தை வீட்டுக்காரரும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். கல்யாணமும் முறிந்தது. காத்தாயியை அங்கேயே முந்திரித் தோப்புக்காரர் உத்திராபதிக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு ரெங்கம்மாள் வந்தாள். வந்த முதல் வாரத்தில் யாரோ ஒரு புண்ணியவதி, "ஒம்புருசனுக்கு மொதல்ல பேசி வச்சிருந்தது அவங்க அத்த மவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி காத்தாயியைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்தே இல்லையே. பார்க்காததுதான் வினையாகப் போனது. பார்க்காத பெண்ணுக்கு அண்ணி தன் மனசுக்குள் வருஷா வருஷம் அழகைக் கூட்டிக்கொண்டே போனாள்.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்குத் திண்டாடி, ரேஷனில் போட்ட சோளத்தை இடித்துப் புட்டு அவித்தோம். உதிர் உதிராக இருக்கும் அந்தப் புட்டு அண்ணனின் தொண்டைக்குச் சனியனாக வந்தது. தினமும் புரை. தினமும் காத்தாயி. ஒருநாள் அண்ணி அடுப்படியில் புட்டுக் குழலை எடுத்து மூலையில் எறிந்தாள்.

"நெனைக்கிறவ நெனச்சுட்டுப் போவட்டும். ஏறுறதுக்கு நாம எடம் குடுத்தாதான?" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் உதிரியாக எதுவும் கிடையாது. பொடி கிடையாது, வறுத்த கடலை கிடையாது, பொரிமாவு கிடையாது. சோறு குழையும், களி குழையும், கீரை குழையும். காத்தாயியின் நினைப்பு வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று எல்லாவற்றிலும் மோரை ஊற்றினாள். பல்லை வைத்துக்கொண்டு அந்த வருஷங்களில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் பெயர் சாமிதுரை. அரியலூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எடை போடும் வேலை. பகலெல்லாம் கடலை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கஞ்சிதான்.

அரியலூரில் ஒரு கம்பவுண்டர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டேன். தொண்டைக்குள் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று சோறு போக, ஒன்று மூச்சு போக. பேசிக்கொண்டே விழுங்கினால் சோறு மூச்சு வழியில் எட்டிப் பார்க்கும், அதைத் துரத்துவதுதான் இருமல் என்றார். இருமுகிறவனைப் பற்றிக் கவலைப்படாதே, இருமாமல் முழிக்கிறவனுக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னார். நான் வந்து அண்ணியிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"ரெண்டு வழியா? அதத்தான தம்பி நானும் சொல்றேன்," என்றாள் அண்ணி. "ஒரு வழி எனக்கு, ஒரு வழி அவளுக்கு."

எனக்கு அண்ணன் மேல் பொறாமையாக இருக்கும். இதை மறைப்பானேன்? என் மனைவி பூங்காவனம் குணத்தில் குறைசொல்ல முடியாதவள். எனக்குப் புரை ஏறினால் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு அவள் பாட்டுக்கு மோர் கடைவாள். யார் நினைத்தது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஒருமுறை நானே, "யாரோ நெனைக்கிறாங்க போலருக்கு" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "ஒங்களையா?" என்றாள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டுதான் இருமுவேன். அந்தப் பக்கம் ஒருத்தி தன் புருஷனின் ஒவ்வொரு இருமலுக்கும் வயிறு எரிந்து சாகிறாள். எல்லாவற்றுக்கும் கொடுத்து வைக்க வேண்டும்.

அண்ணியின் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு பாதி உண்டு. அது வெளியே அவ்வளவாகத் தெரியாது. அவளுக்குப் புரையே ஏறாது. சிறு சிறு கவளமாக எடுத்து, பேசாமல், நிதானமாகச் சாப்பிடுகிறவள். அண்ணன் பாரம் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர்ச் சந்தைக்கோ வேறெங்கோ வண்டி ஓட்டிப் போய்விட்டால், இவள் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பாள். ஒவ்வொரு வாயையும் விழுங்கிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். ஒன்றும் ஆகாது. தட்டைக் கழுவும்போது முகம் விழுந்திருக்கும்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்குப் பொரை ஏறலையே தம்பி. வெளியூர் போனா என் நெனப்பே வராதா அவருக்கு?" என்று என்னிடம் கேட்டாள் ஒருநாள். சிரிக்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"அப்படியே ஏறினாலும் பேரச் சொல்லி அடக்க ஒங்களால முடியாதே அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

அது உண்மை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எல்லாப் பெண்களுக்கும் இருந்த வழக்கம்தான். ஆனால் அண்ணி அதைத் தலைகீழாக நின்று காப்பாற்றினாள். நல்லுசாமி என்ற பெயரில் உள்ள எந்தத் துண்டும் அவள் வாயில் வராது. நல்லெண்ணெய் என்று சொல்ல மாட்டாள், எள்ளெண்ணெய் என்பாள். யாரையும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டதில்லை, சொகமா என்பாள். சாமி கும்பிடப் போகிறேன் என்பதில்லை. பெருமாளப் பாக்கப் போறேன் என்பாள். என் பெயரிலும் பாதி சாமி இருப்பதால் நான் கடைசி வரைக்கும் தம்பிதான். ரேஷன் கார்டு எழுத வந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. "கெட்டதுக்கு மாத்தா ஒண்ணு சொல்லுவீங்கல்ல, அத மொதல்ல எழுதுங்க. அப்புறம் கோயிலுக்குள்ள இருக்கறவர எழுதுங்க" என்று அண்ணி துப்புக் கொடுத்திருக்கிறாள். அவர் கல்லங்குறிச்சிக் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு நல்லபெருமாள் என்று எழுதிவிட்டார். ரேஷன் முடிகிற வரைக்கும் என் அண்ணன் அரசாங்கத்துக்கு நல்லபெருமாள்தான்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அத்தை வீட்டுக்காரர் காலமானார். அவரோடு கிணற்றுத் தகராறும் போயிற்று. அந்த வருஷம் ராமநவமித் தேருக்குக் காத்தாயியும் உத்திராபதியும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் சந்தோஷத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். அவர் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி அடித்த ஒவ்வொரு அடியும் அண்ணியின் நெஞ்சில் விழுந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆவும்போதுகூட அடிக்கல, தம்பி. இப்ப அடிக்கிறாரு பாருங்க" என்றாள்.

வண்டி வந்து நின்றது. அண்ணி கதவோரம் நின்று பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன். வண்டியிலிருந்து முதலில் ஒரு பெரிய பலாப்பழம் இறங்கிற்று. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே காத்தாயி இறங்கினாள். பழத்துக்கும் அவளுக்கும் பருமனில் அதிக வித்தியாசம் இல்லை. வெற்றிலைக் காவி ஏறிய பல், வேர்வை வழியும் முகம், தெரு முழுக்கக் கேட்கும் சிரிப்பு. அண்ணி இத்தனை வருஷமாக மனசுக்குள் சீவிச் சிங்காரித்து வைத்திருந்த அழகி அங்கே இல்லை. இனி அண்ணிக்கு நிம்மதிதான் என்று நினைத்தேன்.

எனக்குப் பெண்களைப் பற்றி என்ன தெரியும்? உள்ளே வந்த அண்ணி என் மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அழகா இருந்தாலாவது மனசு ஆறும், பூங்காவனம். இவளப் போயா இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தாரு?"

"அக்கா, சொகமா?" என்று காத்தாயி கையைப் பிடித்துக்கொண்டாள். முறைப்படி அப்படித்தான் கூப்பிட வேண்டும். புருஷனின் அத்தை மகள் பெண்டாட்டிக்கு அக்கா தங்கைதான். ஆனால் இளையாள் மூத்தாளைக் கூப்பிடுவதும் அதே அக்காதான் என்பது அண்ணிக்கு அப்போது ஞாபகம் வந்துவிட்டது. கையை உருவிக்கொண்டு ரசம் கொதிக்கிறது என்று போய்விட்டாள்.

தேர் நிலைக்கு வந்த பிறகு மத்தியானச் சாப்பாடு. அண்ணன், உத்திராபதி, நான் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். எதிரே காத்தாயி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தை அறுத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பேச்சு தாளவில்லை. தேர் மேலத் தெரு முனையில் சிக்கியதைச் சொன்னார், வடம் இழுத்தவர்களை ஏசினார், சிரித்தார்.

"மாமா, எங்க தோப்புப் பழம். தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று காத்தாயி ஒரு சுளையை நீட்டினாள். நல்ல பெரிய சுளை. கொட்டையோடு. அண்ணன் அதை இலையில் வைக்கவில்லை. அவள் கையிலிருந்து வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, "வடம் இருக்கே வடம்" என்று ஆரம்பித்தார்.

அதோடு பேச்சு நின்றது.

இருமுவார் என்று பார்த்தோம். இருமவில்லை. சத்தமே இல்லை. வாய் திறந்திருந்தது, கண் இரண்டும் பிதுங்கி எதிரே இருந்த காத்தாயியின் மேல் நிலைகுத்தி நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கை இலையைப் பிராண்டியது. "பொரை ஏறிடுச்சு" என்றார் உத்திராபதி. காத்தாயி எட்டி வந்து அண்ணனின் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ நெனைக்கிறாங்க மாமா, யாரோ நெனைக்கிறாங்க" என்றாள். அண்ணனின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணி ரசச் சட்டியோடு வந்தாள். அவள் பார்த்தது என்ன? அவள் புருஷன் வாயில் காத்தாயி எடுத்துக் கொடுத்த சுளை. அவர் தலையில் அவள் கை. அவர் கண் நிறைய நீரோடு, ஒரு வார்த்தை பேசாமல், இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை வருஷத்துப் புரை! எல்லாம் ஒன்றாக அண்ணிக்குத் தலைக்கேறியது.

சட்டியைத் தரையில் வைத்தாள். "அப்படி என்னய்யா பார்வ!" என்று கத்திக்கொண்டு ஓங்கி அவர் முதுகில் ஓர் அறை விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து "ங்க" போடாமல் அவரோடு பேசியிராதவள். தினமும் கம்பு குத்திய கை அது. அண்ணன் இலை மேல் குப்புறச் சாய்ந்தார். அண்ணி விடவில்லை. "எம்முன்னாலயேவா? எம்முன்னாலயேவா?" என்று மறுபடியும் மறுபடியும் தோளுக்கு நடுவில் வைத்தாள். பளாரென்று விழுந்த ஓர் அடியில் பலாச்சுளை முழுசாக வெளியே தெறித்து என் இலையில் சாம்பாருக்குள் வந்து விழுந்தது.

அண்ணன் மூச்சை இழுத்தார். அந்தச் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். பிறகு இருமினார், பிறகு அழுதார். நிறம் மெதுவாகத் திரும்பியது. எல்லோரும் சுளையைப் பார்த்தோம். அப்போதுதான் என்ன நடக்கவிருந்தது என்பது எங்களுக்குப் புரிந்தது. அண்ணியும் சுளையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கோபம் அப்படியே வெளுத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் முழுக்கப் பேச்சு. ரெங்கம்மா புருஷனை எமன் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள் என்றார்கள். காத்தாயி அண்ணியின் காலில் விழாத குறை. "நான் கூறுகெட்டவ, தலயத் தட்டிக்கிட்டு நிக்கிறேன். நீதான்க்கா உசுரக் குடுத்த" என்று அழுதாள். அண்ணனோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். அஞ்சு விரலும் பதிந்து கிடந்தது. கோயிலில் தந்த பரிவட்டம் மாதிரி அதைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

விருந்தாளிகள் போன பிறகு அண்ணி என்னிடம் வந்தாள்.

"தம்பி, நான் எதுக்கு அடிச்சேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"ஒங்கண்ணனுக்கு?"

"தெரியாது."

"சொல்லிறாதீங்க." கொஞ்சம் நின்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "ஒண்ணு மட்டும் புரியல. அவதான் எதுத்தாப்புலயே ஒக்காந்திருந்தாளே. எதுக்க இருக்கறவ எதுக்கு நெனைக்கணும்? அப்ப அன்னிக்கு நெனச்சது வேற யாரு தம்பி?"

இப்படிப்பட்ட மனுஷியை என்ன சொல்லித் திருத்துவது? நான் கூட்ஸ் ஷெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

உறவு ஒட்டிக்கொண்டதால் அண்ணன் முந்திரிப் பாரம் ஏற்ற உடையார்பாளையத்துக்கே போய்வர ஆரம்பித்தார். அவர் அங்கே போன நாட்களில் அண்ணி சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காது. வாயில் வைப்பாள், விழுங்குவாள், காத்திருப்பாள். ஏறாது. "அங்க போயி அவ மூஞ்சியப் பாத்த பொறவு என் நெனப்பா வரப்போவுது?" என்று தட்டைத் தள்ளுவாள். அண்ணன் திரும்பி வந்ததும் கேட்டும் பார்த்திருக்கிறாள். மத்தியானம் என்ன நினைத்தீர்கள் என்று. அந்த அப்பாவி, "மாட்டுக்குத் தண்ணி காட்டணுமேன்னு நெனச்சேன்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

நாற்பத்தெட்டில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். தொண்டையில் ஒன்றும் இல்லை. தொண்டை கடைசி வரைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தது. அண்ணி அழுத அழுகையில் கூட அவர் பெயர் வரவில்லை. என் ராசா, என் ராசா என்றுதான் கதறினாள்.

கருமாதிச் சாப்பாட்டின்போதுதான் அது நடந்தது. பந்தியில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். வடையை விண்டு வாயில் போட்டாள். அடுத்த நிமிஷம் புரை ஏறி இருமினாள். பக்கத்திலிருந்த ரத்தினம்மாள் என்ற உறவுக்காரி வழக்கப்படி அவள் தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைய யாரு நெனைக்கப் போறா? வூட்டுல கட்டிப் போட்டுட்டு வந்த மாடுதான் நெனைக்கும்" என்று சிரித்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அடுப்படி வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"பாத்தியா பூங்காவனம்?" என்றாள் என் மனைவியிடம். "போன எடத்துல இருந்தும் அவளத்தான்."

"செத்தவங்க நெனைப்பாங்களாக்கா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"உசுரோட இருந்தப்ப வண்டி, மாடுன்னு நேரமில்ல. இப்ப சும்மாதான இருக்காரு? நெனச்சா என்ன?"

அதற்குப் பிறகு அண்ணி பொரிமாவு இடிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் பல வருஷமாகத் தலைகாட்டாத பொரிமாவு. வெல்லமும் சேர்க்க மாட்டாள், தண்ணீரும் தெளிக்க மாட்டாள். மத்தியானம் தனியாக உட்கார்ந்து, உலர்ந்த மாவைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். துக்கத்தில் இருக்கிறவள், சோறு இறங்கவில்லை போலிருக்கிறது என்று ஊர் நினைத்தது. பூங்காவனமும் அப்படித்தான் நினைத்தாள். எனக்கு மட்டும் தெரியும். புருஷனுக்குப் புரை ஏறக் கூடாது என்று வீட்டையே கஞ்சியாக்கியவள், தனக்கு ஒரு புரை ஏற வேண்டும் என்று மாவைத் தின்கிறாள். பழகிய தொண்டை. எவ்வளவு உலர்ந்த மாவானாலும் ஒழுங்காக விழுங்கியது. மாதங்கள் போயின. "அவளுக்கு மட்டும் ஏறுது" என்பாள் யாரிடமும் இல்லாமல்.

மறு வருஷம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. அண்ணி மாவை வாயில் போட்ட நேரம் காற்றில் கதவு படாரென்று சாத்தியது. திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள். ஏறிவிட்டது.

அப்படி ஓர் இருமலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. கண்ணும் மூக்கும் பொங்கி, உடம்பே குலுங்கியது. பூங்காவனம் ஓடிவந்து தலையில் தட்டினாள். "யாரோ நெனைக்கிறாங்கக்கா!" நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். தட்டிவிட்டாள். முதுகில் அடிக்கக் கையை ஓங்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு இருமலுக்கு நடுவிலும் கண் பூங்காவனத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

"கொளஞ்சியாக்கா?" என்றாள் பூங்காவனம். இருமல். "ஒங்க கூடப்பொறந்த தம்பியா?" இருமல். "ரத்தினம்மாளா? காத்தாயியா?" காத்தாயி என்றதும் இருமல் இன்னும் உயர்ந்தது. பூங்காவனத்துக்குத் தெரிந்த பெயர்கள் தீர்ந்துபோயின. ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. என் அண்ணன் அவளுக்கு மூத்தார், அவர் பெயரை அவள் சொல்லக் கூடாது. என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்த அண்ணனைப் பெயர் சொல்லி எனக்கும் பழக்கமில்லை. வாய் வரவில்லை. அண்ணிக்கு மூச்சு வாங்கியது. முகம் கறுத்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"நல்லு... சாமி" என்றாள்.

இருமல் நின்றது.

காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தப் பெயரைக் கடைசியில் வைத்தாலும் அதில்தான் அடங்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்ல நான் என்ன கிறுக்கனா? அண்ணி கண்ணைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அவள் மகள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. மெதுவாகச் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். எதையோ யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பழைய சுருக்கம் நெற்றிக்குத் திரும்பி வந்தது.

"ஏன் தம்பி," என்றாள், "அப்ப இத்தன மாசமா யார நெனச்சுக்கிட்டு இருந்தாரு?"